பழைய காரை எவன் திருடுவான்?

"இந்த ஓட்டை வண்டியை எவன்டா திருடப் போறான்?"

பழைய கார் வைத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். வண்டியைக் கிண்டல் பண்ண வந்த விருந்தாளி சொன்னால் பரவாயில்லை, வண்டிக்குச் சொந்தக்காரரே பெருமையாகச் சொல்லுவார். கதவுப் பூட்டு தேய்ந்து போயிருக்கும், இடதுபக்கக் கண்ணாடி முக்கால்வாசிக்கு மேல் ஏறாது. "திருடுறவன் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்" என்று ஒரு ஜோக் வேறு.

மக்களே, அந்த ஜோக்கில்தான் விஷயமே இருக்கிறது. நிஜமாகவே தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். அல்லது கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. அதுவும் பட்டப்பகலில்.

நான் இங்கே ரோல்ஸ் ராய்ஸ், பென்ஸ் வைத்திருக்கிற ஜமீன் வீடுகளைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்கு ஷெட் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். நான் சொல்வது நம்ம வீட்டு வாசலில் புங்கமரத்தடியில் நிற்கிற ஜாதி. உத்தர்பாராவில் செய்து 2014-ல் நிறுத்திய அம்பாசடர். பம்பாய் குர்லாவிலிருந்து வந்த பியட் என்கிற பிரீமியர் பத்மினி. நம்ம மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1983 டிசம்பரில் ஆரம்பித்து 2014 ஜனவரியில் முடிந்துபோன மாருதி 800. எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா வாங்கிய 1978 பத்மினி. ஆகவே நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள் :-)

நான் படிப்பது பி.காம். ஆகவே முதலில் கணக்கு.

ஒரு பொருளுக்கு விலை ஏறினால் அதைச் செய்கிறவர்கள் அதிகமாகச் செய்து சந்தைக்கு அனுப்புவார்கள் என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தருகிறார்கள். இப்போது பத்மினியின் முன்பக்க கிரில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த கம்பெனி பத்மினி செய்வதை நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆகிறது. விலை எவ்வளவு ஏறினாலும் ஒரிஜினல் கிரில் ஒன்றுகூடப் புதிதாக வராது. நெகிழ்ச்சியே இல்லாத அளிப்பு என்று பரீட்சையில் எழுதுவோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அளிப்பு ஏறாது, ஆனால் தேவை ஏறுகிறது. பழைய காரைப் புதுப்பித்து ஓட்டுவது இப்போது ஒரு மோகம். கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்கிறார்கள், எழுபதுகளில் நடக்கிற கதை என்றால் சினிமாக்காரர்கள் கேட்கிறார்கள், காபிக்கடை வாசலில் அழகுக்கு நிறுத்துகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பம்பர் வேண்டும், ஹெட்லைட் வளையம் வேண்டும், ஹார்ன் ரிங் வேண்டும், கார்புரேட்டர் வேண்டும். அது எங்கிருந்து வரும்? இன்னொரு பழைய காரிலிருந்துதான் வரும்.

அந்த இன்னொரு கார் தானாகச் செத்த காராக இருந்தால் நல்லது. எப்போதும் அப்படி இருப்பதில்லை.

சென்னைக்கு ஒரு புதுப்பேட்டை மாதிரி, டெல்லிக்கு மாயாபுரி. மீரட்டில் சோத்தி கஞ்ச் என்று ஒரு தெரு இருந்தது, திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்கு வட இந்தியா முழுக்கப் பேர்போன இடம். 2021 டிசம்பரில் போலீஸ் அதை மூடியது. புதுப்பேட்டையில் எல்லாரும் திருட்டு சாமான் விற்கிறார்கள் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் வண்டியின் டெயில் லைட்டே அங்கே வாங்கியதுதான், பில்லோடு. நான் சொல்ல வருவது வேறு. முழு வண்டியாக விற்க ஆர்.சி. புத்தகம் வேண்டும். பிரித்து விற்க எதுவும் வேண்டாம். கிரில்லில் சேஸிஸ் நம்பர் எழுதியிருக்காது. எதற்கும் லாயக்கில்லை என்றாலும் முக்கால் டன்னுக்கு மேல் இரும்பு இருக்கிறது, காயலான் கடைத் தராசு யார் வண்டி என்று கேட்பதில்லை.

சரி, ஏன் பழைய கார் சுலபம்?

புது காரின் சாவிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதை இன்ஜினின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும். பழைய காரில் கம்ப்யூட்டரும் கிடையாது, அடையாளமும் கிடையாது. சாவி என்பது வெறும் சுவிட்ச். வீட்டில் ஃபேன் போடுகிற சுவிட்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பூட்டு மாதிரி ஒரு முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். நாற்பது வருஷம் தேய்ந்த பிறகு அந்த முகமூடியும் கழன்றுவிடுகிறது. சிப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் சமீபத்தில் பார்த்தார்கள். 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்களில் பலவற்றுக்கு இந்த இம்மொபிலைசர் இல்லை. அது வீடியோக்களில் பரவியதும் 2021, 2022-ல் பள்ளிக்கூடப் பையன்கள்கூட எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவையெல்லாம் அப்போது புதுக் கார்கள்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஜெர்மனி-பிரிட்டன் கதை. 1960-களின் ஆரம்பத்தில் மேற்கு ஜெர்மனி ஸ்டியரிங் லாக்கைக் கட்டாயமாக்கியது. புதுக் காருக்கு மட்டும் இல்லை, ஏற்கனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த காருக்கும் பொருத்த வேண்டும் என்றது. கார் திருட்டு நன்றாகக் குறைந்தது. பிரிட்டனும் 1971-ல் கொண்டுவந்தது, ஆனால் புதுக் காருக்கு மட்டும். பிறகு லண்டன் கணக்கை எடுத்துப் பார்த்த அரசாங்க ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள் தெரியுமா? புதுக் கார் திருட்டு குறைந்திருந்தது. மொத்தத் திருட்டு பெரிசாகக் குறையவில்லை. திருடர்கள் அப்படியே பழைய கார் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அதாவது பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கும்போதெல்லாம் உங்கள் பழைய கார் திருடனின் பட்டியலில் ஒரு படி மேலே ஏறுகிறது. அவருக்கு வாழ்த்துச் சொல்லும்போது இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டை விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது மனுஷர்களின் கண். புத்தம் புது காரை நாலு பேர் சத்தமில்லாமல் தள்ளினால் எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து "யாருப்பா அது?" என்பார். தூசி படிந்து, ஒரு டயர் இறங்கி, மேலே புங்கம்பூ கொட்டிக் கிடக்கிற அம்பாசடரை வண்டி கொண்டுவந்து கட்டி இழுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 'கார்ப்பரேஷன்காரன் எடுத்துட்டுப் போறான்' அல்லது 'அப்பாடா, கடைசியில இரும்புக்குப் போட்டுட்டாங்க' என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் ஓரமாக நகர்ந்து வழிகூட விடுவார்கள். கேட்பாரற்று நிற்கிற வண்டிகளை மாநகராட்சி நிஜமாகவே இழுத்துப் போவதால் அந்தக் காட்சி பழகியும் விட்டது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் பியட் 2023-ல் போனது இப்படித்தான். காலை பதினொரு மணி. பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் சாட்சி சொன்னார்கள், "சார்தான் வித்துட்டார்னு நினைச்சோம்." வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

அதைவிட வருத்தம் அடுத்து நடந்தது. சார் வருஷா வருஷம் முழு இன்ஷூரன்ஸ் கட்டிக்கொண்டிருந்தவர். வெறும் மூன்றாம் நபர் பாலிசி இல்லை (அதில் திருட்டுக்குப் பைசா வராது, பழைய கார்க்காரர்கள் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், பாலிசியை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்). சார் கிளெய்ம் போட்டார். கம்பெனி இரண்டு கேள்வி கேட்டது. ஒன்று, இரண்டு ஒரிஜினல் சாவியும் எங்கே? நாற்பது வருஷ வண்டிக்கு இரண்டு ஒரிஜினல் சாவி! ஒன்று எண்பதுகளிலேயே தொலைந்து, பூட்டு ரிப்பேர்க்காரர் ராவிக் கொடுத்ததுதான் இருந்தது. அதைக்கூட எழுதிக் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார். ஆர்.சி. புதுப்பித்தல் 2019-லேயே முடிந்திருந்தது.

நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம். பிறகு எஃப்.சி. காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பதிவு காலாவதியான வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் இருந்தது புதுக் கார்தான். தற்காலிகப் பதிவு முடிந்து நிரந்தரப் பதிவு வாங்காமல் ஓட்டி, வெளியூரில் தங்கிய விடுதி வாசலில் நிறுத்தியபோது திருடு போனது. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும். பதிவே இல்லாமல் ரோட்டில் வண்டியைக் கொண்டுவந்தது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறியது என்பது கோர்ட்டின் பார்வை. சாருக்கும் அதே பதில்தான் கடிதத்தில் வந்தது.

எனக்குக் கோபம் கம்பெனி மேல் மட்டும் இல்லை. அரசாங்கம் பண்ணுகிற ஒரு காரியத்தைப் பாருங்கள். காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டிகளை ஸ்கிராப்புக்கு அனுப்ப வைப்பதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். புகை, பாதுகாப்பு எல்லாம் நியாயமான கவலைதான். ஆனால் நடப்பது என்ன? பென்ஷன்காரர் ஸ்கிராப்புக்கும் கொடுக்க மனசில்லாமல், 10,000 கட்டவும் வழியில்லாமல், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார். பேப்பர் காலாவதியாகிறது. பேப்பர் இல்லாததால் வண்டியை வெளியே எடுக்கப் பயம். எடுக்காததால் தூசி, இறங்கின டயர். அதாவது திருடனுக்கு எந்த மாதிரி வண்டி பிடிக்குமோ அந்த மாதிரி வண்டியை அரசாங்கக் கட்டணமே தயாரித்துக் கொடுக்கிறது. எடுத்துப் போனால் நஷ்ட ஈடும் கிடையாது. வருஷத்துக்கு நானூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கும், தினமும் நாற்பது கிலோமீட்டர் புகை விடுகிற வண்டிக்கும் ஒரே கட்டணம் என்பது எந்தக் கணக்கில் சரி?

இன்ஷூரன்ஸ் கதை இத்தோடு முடியவில்லை. ஆர்.சி. சரியாக இருந்து கிளெய்ம் கிடைத்தாலும் எவ்வளவு கிடைக்கும்? பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். திருடு போனால் அதிகபட்சம் அதுதான். புது காருக்குத் தயாரிப்பாளர் விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் போடுவார்கள், ஆறு மாசத்துக்குள் 5 சதவீதம் என்று ஆரம்பித்து ஐந்தாம் வருஷம் 50 சதவீதம் வரை. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். இதை முழுசாக வாசித்தவர்கள் குறைவு. பேசி ஒத்துக்கொள்வது என்றால் நீங்களும் பேசலாம் என்று அர்த்தம்!

எங்கள் பத்மினிக்கு ஏஜென்ட் வருஷா வருஷம் 25,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டிருந்தார். அதே வருஷம் அப்பா அதற்குப் பெயின்ட் அடிக்கவும் தகர வேலைக்கும் கொடுத்தது அதைப்போல மூன்று மடங்கு. போன தடவை அப்பாவோடு நானும் போனேன். மெக்கானிக் பில்கள், நாலு பக்கமும் எடுத்த போட்டோக்கள், இதே மாடல் என்ன விலைக்கு விற்பனைக்கு வருகிறது என்று ஒரு தாள். ஏஜென்ட் முதலில் சிரித்தார், "தம்பி, பழைய வண்டிக்கு இதெல்லாம் யாரும் கேட்கறதில்லை." கேட்டோம். ஆய்வுக்கு ஆள் வந்து பார்த்தார். முழுசாகக் கிடைக்கவில்லை, ஆனால் 25,000 என்பது 1,10,000 ஆனது. பிரீமியம் கொஞ்சம் ஏறியது. ஏறட்டும்.

திருட்டைத் தடுக்கும் கருவி பொருத்தினால் தள்ளுபடி உண்டு என்று ஒரு அறிவிப்பு இருக்கிறது. சந்தோஷப்படாதீர்கள். நம் மோட்டார் டேரிஃப் போட்ட கணக்கில் அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். அதுவும் ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் பெற்ற கருவியாக இருக்க வேண்டும். நம்ம மெக்கானிக் மறைத்து வைக்கிற சுவிட்சுக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் பழைய காருக்கு உண்மையில் வேலை செய்வது அந்த சுவிட்ச்தான்.

இனி அந்த விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் சொல்லித்தந்த முதல் வித்தைக்குச் செலவே இல்லை. வண்டியை நாலு நாள் எடுக்கப் போவதில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற ரோட்டாரை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுவது. கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாமல் எந்த பிளக்குக்கும் கரன்ட் போகாது, இன்ஜின் பிடிக்காது. இது அண்ணன் கண்டுபிடித்தது இல்லை. 1940-ல், ஜெர்மன் வீரர்கள் பாராசூட்டில் குதித்தால் கார்களை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிரிட்டன் மக்கள் இப்படித்தான் வண்டியை முடமாக்கி நிறுத்த வேண்டும் என்று உத்தரவே இருந்தது. ஹிட்லருக்கு எதிராகப் பயன்பட்டது உறையூர்த் திருடனுக்கு எதிராகப் பயன்படாதா என்ன?

தினமும் எடுக்கிற வண்டிக்கு இது ஒத்துவராது. அதற்கு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச். சில நூறு ரூபாயில் கிடைக்கும். திருகி எடுத்துவிட்டால் வண்டிக்குள் கரன்டே இல்லை. பழைய வயரிங்கில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கிற பயமும் போகும், பேட்டரியும் நிற்கும். புதுக் காரில் இப்படி பேட்டரியைக் கழற்றினால் ஏகப்பட்டது அழிந்துபோகும், பழைய காரில் அழிய ஒன்றுமில்லை. ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுகிற இடத்தில் இருப்பதால் இது மட்டும் போதாது. காயிலுக்குப் போகிற வயரில் ஒரு மறைவு சுவிட்ச் தனியாக வேண்டும். எங்கே வைப்பது என்பதை உங்களுக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.)

இவையெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவனைத்தான் தடுக்கும். இழுத்துப் போகிறவனைத் தடுக்காது. அதற்கு இரும்புதான். ஸ்டியரிங்கையும் பெடலையும் சேர்த்துப் பூட்டுகிற கொக்கிக் கம்பி பழைய வண்டிக்குப் பொருந்தும். கடையில் விற்கிற கியர் லாக் பெரும்பாலும் பொருந்தாது, ஏனென்றால் பழைய பத்மினிக்கும் அம்பாசடருக்கும் கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது, தரையில் இல்லை. தெரியாமல் வாங்கிவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். சக்கரத்துக்கு கிளாம்ப் போடலாம். முன்பக்கம் சுவரைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்தை ஒரு பக்கமாக ஒடித்து, ஸ்டியரிங்கைக் கம்பியால் பூட்டிவிட்டால் கயிறு கட்டினாலும் நேராக வராது. சொந்தக்காரர்களின் வண்டியைப் பின்னால் குறுக்கே நிறுத்தச் சொல்வது இன்னும் நல்லது, செலவில்லை.

ஜி.பி.எஸ். வைக்கலாமா? வைக்கலாம், இழுத்துப் போன வண்டியைத் தேட அது ஒன்றுதான் உதவும். ஆனால் மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் அது பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துத் தீர்த்துவிடும். கட்-ஆஃப் திருகினால் அதுவும் செத்துப்போகும், ஆகவே சொந்த பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த். தெரியாத ஆள் வந்து வயரை மாற்றிக் கொடுத்தால் புகைதான் வரும். ஏர்டேக் மாதிரி சாமான்கள் சாவி தொலைந்தால் தேடத்தான் லாயக்கு. கூடவே வருகிற அன்னிய ஏர்டேக்கைப் பற்றித் திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும்படி செய்திருக்கிறார்கள். சைரன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நம் தெருவில் சைரன் கேட்டு எழுந்து வந்தவரை நான் பார்த்ததில்லை. பாடி கவர் வெயிலுக்கு நல்லது, திருட்டுக்குக் கெட்டது. உள்ளே வண்டி இருக்கிறதா, நாலு சக்கரம் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது.

பிறகு பேப்பர். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் சுத்தம் செய்து தெளிவாகப் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டிக்கே உரிய வடுக்களையும் எடுங்கள், பம்பரில் நெளிசல், டேஷ்போர்டில் வெடிப்பு, தாத்தா ஒட்டிய முருகன் படத்தின் கறை எல்லாம். நாளைக்கு ஒரு ஷெட்டில் பாதி பிரித்த வண்டியைக் காட்டி "இது உன்னுதுதானா?" என்று போலீஸ் கேட்டால் இதுதான் பேசும். திருடு போனால் முதல் வேலை எஃப்.ஐ.ஆர்., உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில். கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானாலும் எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால் அதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ரெண்டு நாள் நாமே தேடிப் பார்ப்போம் என்று சுற்றாதீர்கள்.

வண்டியை நிஜமாகவே இரும்புக்குப் போடுகிறவர்களுக்கும் ஒன்று. ஆர்.சி.யையும் சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். திருடிய வண்டிக்குச் செத்த வண்டியின் பேப்பரை மாட்டித்தான் மறுபடி உயிர் கொடுக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவின்படி பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லிப் பதிவை ரத்து செய்ய வேண்டும். உங்கள் வண்டியின் பேப்பரால் இன்னொருத்தர் வண்டி தொலையக் கூடாது இல்லையா?

எங்கள் வீட்டில் இப்போது ஓடுகிற விவாதம் வேறு. 2021-ல் வந்த விதிப்படி, பதிவு செய்து ஐம்பது வருஷம் தாண்டிய, உருவம் மாறாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. மூன்றாம் நபர் பிரீமியத்திலும் 2022 அறிவிப்பின்படி பாதி தள்ளுபடி. எங்கள் வண்டிக்கு 2028-ல் ஐம்பது ஆகிறது. அப்பா பதியலாம் என்கிறார், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அலைச்சல் மிச்சம். நான் வேண்டாம் என்கிறேன். காரணம், அப்படிப் பதிந்த வண்டியைச் சும்மா ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் இவற்றுக்கு மட்டும்தான். மார்க்கெட்டுக்குப் போக முடியாது, ஸ்ரீரங்கத்துக்கு அத்தையைப் பார்க்கப் போக முடியாது.

வாத்தியாரின் வண்டி போனது பூட்டு சரியில்லாததால் மட்டும் இல்லை. நாலு வருஷமாக அது அசைந்து யாரும் பார்க்கவில்லை. எங்கள் பத்மினி ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினால் தெருவுக்கே தெரியும், அந்தச் சத்தம் அப்படி. டீக்கடை அண்ணன் கையைத் தூக்குவார், பூக்கார அம்மா பின்சீட்டில் ஏறி மார்க்கெட் முனை வரை வருவார். வேற்று ஆள் ஓட்டிப் போனாலும் கேட்பார்கள், இழுத்துப் போனால் நிச்சயம் கேட்பார்கள். 10,000 ரூபாய் கட்டணத்தை அப்பாவும் நானும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். டியூஷன் எடுத்துச் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.